அப்பலாச்சிய மலைநாட்டில் குடும்ப வேர் தேடுவது எப்படி? நிலம், வரி, நீதிமன்றப் பதிவுகள் வழியே ஒரு முழுமையான வழிகாட்டி

1850-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு வரி: ஆண், வயது 62, விவசாயி, பிறந்த இடம் டென்னசி. கணக்குப் போட்டால் 1788 வாக்கில் பிறந்திருக்கிறார். தேடுகிறவர் டென்னசி மாநில ஆவணங்களைத் திறந்து உட்காருவார். ஒன்றும் அகப்படாது. காரணம் எளிது: 1788-இல் டென்னசி என்று ஒரு மாநிலமே கிடையாது. அந்த மண் அப்போது வட கரோலினாவின் மேற்குக் கவுண்டிகள் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு). அங்கிருந்தவர்கள் 1784-இல் ‘ஃபிராங்க்ளின் மாநிலம்’ என்று தனிக்கொடி பிடித்தார்கள். அங்கீகாரம் கிடைக்காமல் நாலே வருடத்தில் கலைந்தார்கள். 1790-இல் அந்த நிலம் கூட்டாட்சி அரசின் கைக்குப் போனது. டென்னசி மாநிலம் ஆனது 1796 ஜூன் 1-இல்.

அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை. கேட்ட காலத்தில் அந்த ஊருக்கு என்ன பெயரோ அதைச் சொன்னார். அப்பலாச்சிய (அமெரிக்காவின் கிழக்கு மலைத்தொடர்) ஆய்வில் முட்டிக்கொள்கிறவர்களில் பலர் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். மலைநாட்டில் ஆட்பெயரைத் துரத்தினால் அது கையில் நிற்காது. ஒரே பெயரில் ஒரு கவுண்டிக்கு 4 பேர் இருப்பார்கள். அந்த ஆள் நின்ற நிலத்தையும், அக்கம்பக்கத்தில் இருந்தவர்களையும் பிடித்தால் பெயர் தானே வந்து சேரும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் செய்யத்தான்.

முதல் படி: தெரிந்த ஆளிலிருந்து பின்னோக்கி

‘1750-இல் கப்பலில் வந்த மூன்று அண்ணன் தம்பிகள்’ என்று தொடங்கும் கதை ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. அதை ஓரமாக வையுங்கள். தாத்தாவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் ஆவணம் கையில் வந்தபின் அடுத்த படி இறங்குங்கள்.

20-ஆம் நூற்றாண்டுக்கு இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. அதில் இறந்தவரின் அப்பா, அம்மா பெயரும் பிறந்த இடமும் இருக்கும். மாநில அளவில் ஒழுங்கான பதிவு கென்டக்கியில் 1911, வர்ஜீனியாவில் 1912, வட கரோலினாவில் 1913, டென்னசியில் 1914 முதல். வர்ஜீனியா 1853 முதல் 1896 வரையும் பிறப்பு இறப்பைப் பதிந்தது. மேற்கு வர்ஜீனியா 1863-இல் பிரிந்த பின்னும் அதே வழக்கத்தை விடவில்லை. மேற்கு வர்ஜீனியாவின் இந்தப் பதிவுகளை மாநில ஆவணக்காப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: சான்றிதழில் இறந்த தேதியை நம்பலாம், அப்பா, அம்மா பெயரை நம்புவதற்கு முன் தகவல் சொன்னது யார் என்று பாருங்கள். மருமகன் சொன்னதென்றால் பாதி ஊகம்.

இரண்டாம் படி: கவுண்டி வரலாற்று அட்டவணை

ஆள் நகராமல் எல்லைக்கோடு நகர்ந்த ஊர் இது. வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில் இன்று லீ கவுண்டி இருக்கும் மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1770 வரை அது அகஸ்டா கவுண்டி. பிறகு பாட்டடாட், 1772-இல் ஃபின்காசில், 1777-இல் வாஷிங்டன், 1786-இல் ரஸ்ஸல், 1793-இல்தான் லீ. 1775-இல் அங்கே நிலம் பிடித்த ஒருவரின் காகிதங்கள், அவர் நாற்காலியை விட்டு எழாமலேயே, 4 நீதிமன்றங்களில் கிடக்கும்.

இதில் விதி ஒன்று: கவுண்டி பிரிந்தால் பழைய புத்தகங்கள் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். புதிய கவுண்டிக்குப் புதுப்புத்தகம்தான் வரும். ஆகவே தேடும் ஊர் ஒவ்வொன்றுக்கும் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எந்தக் கவுண்டி என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிகாகோவின் நியூபெரி நூலகம் உருவாக்கிய வரலாற்றுக் கவுண்டி எல்லை வரைபடத்தில் தேதியைக் கொடுத்தால் அன்றைய எல்லை தெரியும். கூடவே, நீதிமன்றம் எப்போதாவது எரிந்ததா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவின் புக்கானன் கவுண்டியில் 1885-இல் தீ, 1977-இல் வெள்ளம். அங்கே தேடுவதற்கு முன் அண்டைக் கவுண்டிகளையும் மாநில அளவிலான வரிப் புத்தகங்களையும் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

மூன்றாம் படி: சென்சஸ், அதன் ஓட்டைகளோடு

1880 சென்சஸ் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று சொல்லும். பெற்றோர் பிறந்த மாநிலத்தையும் சொல்லும். 1850 முதல் 1870 வரை வீட்டில் உள்ள எல்லாருடைய பெயரும் இருக்கும், உறவு இருக்காது. வரிசையாகக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதற்காக எல்லாரும் அந்தத் தாயின் பிள்ளைகள் என்று எழுதிவிடாதீர்கள். முதல் மனைவியின் பிள்ளை, அண்ணன் மகன், கூலிக்கு வந்த பையன், யாராகவும் இருக்கலாம். குழந்தைகளின் பிறந்த மாநிலத்தைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். மூத்தவன் வர்ஜீனியா, 14 வயது, நடுவில் உள்ளவள் டென்னசி, 9 வயது, கடைக்குட்டி மிசௌரி, 2 வயது என்றால் குடும்பம் எந்தெந்த ஆண்டுகளுக்கு இடையே வண்டி கட்டியது என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது.

1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும். மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் எண்ணிக்கை. 1820-இல் பலர் தவறு செய்வார்கள்: 16 முதல் 18 வரை என்று ஒரு கட்டம், 16 முதல் 26 வரை என்று அடுத்த கட்டம். முதல் கட்டத்தில் உள்ள பையன் இரண்டாவதிலும் எண்ணப்பட்டிருக்கிறான். கூட்டினால் இல்லாத ஒரு மகன் முளைப்பான்.

தொலைந்தவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வர்ஜீனியாவின் 1790 சென்சஸ் இல்லை. 1800-இல் 2 கவுண்டிகள்தான் மிச்சம், இரண்டும் மலைக்குக் கிழக்கே. கென்டக்கிக்கும் 1790, 1800 சென்சஸ் இரண்டும் இல்லை. டென்னசிக்கு 1790, 1800 இல்லை; 1810-இல் ரதர்ஃபோர்டு கவுண்டியும் கிரெய்ஞ்சரின் ஒரு பகுதியும்தான் மிச்சம்; 1820-இல் கிழக்கு டென்னசி முழுக்கப் போய்விட்டது. அதாவது நாக்ஸ்வில் பக்கத்து மலைக் குடும்பத்துக்கு முதல் சென்சஸ் 1830. அதற்கு முந்தைய 50 ஆண்டுகளை நிரப்புவது வரிப்பட்டியலும் நிலப்பதிவும்தான். 1890 சென்சஸ் வாஷிங்டனில் 1921-இல் நடந்த தீயில் நாசமானது. அதற்கு எங்கேயும் நகல் தேடி அலைய வேண்டாம்.

நான்காம் படி: வரிப்பட்டியல்

சலிப்பூட்டும் ஆவணம், ஆனால் இந்த ஆய்வில் இதைவிடப் பயனுள்ளது ஒன்றுதான், அடுத்த படியில் வரும் நிலப்பதிவு. வர்ஜீனியாவில் 1782 முதல் ஆண்டுதோறும் இரண்டு தொடர்கள்: ஒன்று ஆள், குதிரை, மாடு, அடிமைகள் மேல் போட்ட சொத்து வரி, மற்றது நிலவரி. மூலப்படிகள் ரிச்மண்டிலுள்ள வர்ஜீனியா நூலகத்தில் உள்ளன. 1808-க்கு சொத்து வரிப் புத்தகம் இல்லை. அந்த ஆண்டு வரி விதிக்கவில்லை. அதை வைத்து ஆள் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று முடிவு கட்டினால் வம்புதான்.

ஒரே ஒரு ஆண்டைப் பார்ப்பது வீண். குறைந்தது 10, 15 ஆண்டுகளை வரிசையாகப் பார்த்து, அந்தக் குடும்பப் பெயர் கொண்ட எல்லாரையும் ஒரு விரிதாளில் எழுதுங்கள்: ஆண்டு, பெயர், 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், குதிரை, மாடு, வரி அதிகாரி வந்த தேதி. பிறகு கதை தானே தெரியும். ஒரு வீட்டில் பல ஆண்டுகளாக 1 என்று இருந்த ஆண்கள் எண்ணிக்கை 1791-இல் 2 ஆகிறது. 1796-இல் அதே குடும்பப் பெயரில் புதிதாக ஒருவர், கையில் ஒரு குதிரை. மகனுக்கு 1791-இல் 16, 1796-இல் 21; பிறந்தது 1775 வாக்கில். பிறப்புப் பதிவு எதுவும் இல்லாத ஊரில் ஒரு பிறந்த ஆண்டு கிடைத்துவிட்டது.

பட்டியல் முதலெழுத்து வரிசையில் இருந்தால் அக்கம்பக்கம் தெரியாதே என்று தோன்றும். அதற்குத்தான் தேதிப் பத்தி. ஏப்ரல் 9-ஆம் தேதி வரி அதிகாரி சந்தித்த எல்லாப் பெயர்களையும் தனியே எடுத்து எழுதுங்கள். ஒரே ஓடைக்கரையில் இருந்தவர்கள் ஒன்றாக வருவார்கள். 1814 முதல் வர்ஜீனிய நிலவரிப் புத்தகத்தில் நீதிமன்றத்திலிருந்து எத்தனை மைல், எந்தத் திசை என்றும் இருக்கும்.

கென்டக்கிப் பட்டியல் இன்னும் தாராளம்: நிலம் எந்த ஓடையில், யார் பெயரில் முதலில் பதிவானது, யார் பெயரில் அளந்தது, யார் பெயரில் பட்டயம் வந்தது என்று தனித்தனிப் பத்திகள். டென்னசியில் 21 முதல் 50 வயது வரைதான் தலைவரி. நிலம் தொடர்ந்து பெயரில் இருக்க, தலைவரி மட்டும் நின்றால் ஆள் 50-ஐத் தாண்டிவிட்டார் என்று கொள்ளலாம். ஆள் இறந்தால் அடுத்த ஆண்டு அதே குதிரை எண்ணிக்கையோடு ஒரு பெண் பெயர் வரும். அது பெரும்பாலும் அவர் மனைவி.

ஐந்தாம் படி: நிலம்

மலைநாட்டு நிலம் ஒரே காகிதத்தில் கைமாறவில்லை. வட கரோலினாவில் 4 கட்டம்: இன்ன இடத்தில் இத்தனை ஏக்கர் வேண்டும் என்று பதியும் என்ட்ரி, அளக்கச் சொல்லும் வாரன்ட், சர்வே, கடைசியாக மாநிலம் தரும் கிராண்ட். வர்ஜீனியாவில் 1779-இல் நில அலுவலகம் திறந்தபின் வாரன்ட், சர்வே, கிராண்ட். என்ட்ரிக்கும் கிராண்டுக்கும் இடையே 10 ஆண்டுகூட ஓடியிருக்கலாம். கிராண்ட் தேதியை ‘ஊருக்கு வந்த ஆண்டு’ என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. வந்த ஆண்டுக்கு நெருக்கமானது என்ட்ரி. அதைவிட நெருக்கமானது ஒன்று உண்டு: 1779 முதல் வர்ஜீனியா கமிஷனர்கள் கொடுத்த குடியேற்றச் சான்றுகள். 1778-க்கு முன் குடியேறியவருக்கு 400 ஏக்கர். பக்கத்து நிலத்தில் 1,000 ஏக்கர் வரை முன்னுரிமை. அந்தச் சான்றில் எந்த ஆண்டு குடியேறினார் என்பது பலமுறை நேராகவே எழுதப்பட்டிருக்கும்.

வட கரோலினாவின் 1777 சட்டப்படி ஒருவர் தனக்கு 640 ஏக்கரும், மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 100 ஏக்கரும் கேட்கலாம்; விலை 100 ஏக்கருக்கு 50 ஷில்லிங். 1783-இல் திரும்பத் திறந்தபோது 100 ஏக்கருக்கு 10 பவுண்டு. கேட்டவர்கள் எல்லாரும் அங்கே குடியிருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஊகவணிகர்கள் கைவரிசை அதிகம். கென்டக்கியில் ஒரே மண்ணுக்கு மூன்று நாலு பேர் பட்டயம் வாங்கியிருப்பார்கள், கூரை ஓடு அடுக்கியதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாக. அந்த வழக்குகளில் பழைய குடியேறிகள் கொடுத்த சாட்சியங்களே நமக்குப் புதையல்.

சர்வே தாளில் முதலில் பார்க்க வேண்டியது ஏக்கர் அல்ல; அடியில் இருக்கும் சங்கிலி பிடித்தவர்களின் பெயர்கள். சர்வேயர் கூட்டிவருகிற ஆள் ஒருவர். சங்கிலியின் இரு முனையையும் பிடிப்பது பெரும்பாலும் நிலக்காரரின் மகன், மைத்துனன், பக்கத்து வீட்டுக்காரர். மருமகன் பெயர் முதன்முதலாகத் தென்படுவது பலமுறை இங்கேதான்.

எல்லை விவரிப்பு இப்படி இருக்கும்: ‘ஓடைக்கரை வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கே 100 போல் ஒரு பாப்லர் வரை, கிழக்கே 80 போல் இரண்டு ஹிக்கரி வரை, தெற்கே 100 போல் ஒரு குத்துக்கல் வரை, அங்கிருந்து தொடக்கத்துக்கு.’ ஒரு போல் என்பது 16.5 அடி. 4 போல் ஒரு குண்டர் சங்கிலி, 66 அடி, 100 கண்ணி. 160 சதுர போல் ஒரு ஏக்கர். மேலே சொன்ன நிலம் 8,000 சதுர போல், ஆக 50 ஏக்கர். சென்ட் கணக்கில் வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமே அல்ல: ஏக்கரில் நூற்றில் ஒன்றான நம் சென்ட், இதே சங்கிலியின் 1,000 சதுரக் கண்ணிதான்.

இதை வரைந்து பார்க்காதவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். முறை இது:

1. ஒளி ஊடுருவும் தாளில், 100 போலுக்கு 21 மில்லிமீட்டர் என்ற அளவில் வரையுங்கள். அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் 1:24,000 நிலவரைபடத்துக்கு இது பொருந்தும்.
2. பாகைமானியால் ஒவ்வொரு திசையையும் குறித்துக் கோடு போடுங்கள். ‘வ 40 கி’ என்றால் வடக்கைப் பார்த்து நின்று கிழக்குப் பக்கம் 40 பாகை திரும்ப வேண்டும்.
3. கடைசிக் கோடு தொடங்கிய இடத்துக்கு வந்து சேர வேண்டும். சேராவிட்டால் எழுத்தர் பிரதி எடுக்கும்போது வடக்கைத் தெற்காக்கினாரா, ஒரு வரியைத் தாண்டினாரா என்று பாருங்கள். ஒரு கோட்டைத் திருப்பிப்போட்டு மூடினால் பிழை அதுதான்.
4. அண்டை நிலங்களையும் தனித்தனித் தாளில் வரைந்து, பொதுவான மரமும் பொதுவான கோடும் சேரும்படி ஒட்டுங்கள். ஓடை வளைவு இருந்தால் நிலவரைபடத்தின் மேல் வைத்துத் திருப்பிப் பாருங்கள். அன்று காந்த வடக்கை வைத்து அளந்ததால் மொத்தக் கூட்டமும் சில பாகை திரும்பித்தான் பொருந்தும்.

அங்குல சுத்தமாகப் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். செங்குத்துச் சரிவில் சங்கிலியைத் தரையோடு இழுத்திருந்தால் கோடு நீளமாகத்தான் வரும். ‘மில் கிரீக்’ என்ற பெயரில் கவுண்டிக்கு ஒன்றாவது இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். எந்த ஆற்றில் போய்ச் சேரும் மில் கிரீக் என்பதை உறுதி செய்யாமல் மேலே போகாதீர்கள்.

கிராண்டுக்குப் பின் வருவது விற்பனைப் பத்திரங்கள். விற்றவர், வாங்கியவர் என இரு அட்டவணைகளையும் பாருங்கள். நிலம் விற்றதற்குப் பத்திரம் இருக்கிறது, வாங்கியதற்கு இல்லையென்றால் அது பெரும்பாலும் பரம்பரைச் சொத்து. மூலப்பத்திரத்தைத் தேடிப் போனால் அப்பாவோ மாமனாரோ நிற்பார். பத்திரத்தின் முதல் வரியில் ‘ரோவன் கவுண்டியைச் சேர்ந்த இன்னார், சல்லிவன் கவுண்டியைச் சேர்ந்த இன்னாருக்கு’ என்று வந்தால் குடிபெயர்ச்சியின் இரு முனையும் ஒரே வரியில் கிடைத்தாயிற்று. மிசௌரிக்கோ இல்லினாய்க்கோ போய்விட்ட பிள்ளைகள் ஊரிலுள்ள பங்கை விற்க எழுதி அனுப்பிய பவர் பத்திரமும் அப்படித்தான். கணவன் நிலத்தில் தனக்குள்ள மூன்றில் ஒரு பங்கு உரிமையை மனைவி விடுவதாகத் தனியே விசாரித்து எழுதிய குறிப்பு, அவர் பெயர் கிடைக்கும் ஒரே இடமாக இருக்கலாம்.

அமெரிக்கா முழுக்க உள்ள பத்திரப் புத்தகங்கள், உயில் புத்தகங்களின் படங்களை ஃபேமிலிசெர்ச் தளம் இலவசமாகத் தருகிறது. 2024 முதல் கையெழுத்தைக் கணினியே படித்து முழு வாசகத்திலும் தேடித் தரும் வசதியும் வந்திருக்கிறது. அட்டவணையில் பெயர் வராத சாட்சிகள், அண்டை நிலக்காரர்கள்கூட இதில் சிக்குகிறார்கள். கணினி தப்பாகவும் படிக்கும். படத்தைத் திறந்து கண்ணால் படிக்காமல் எதையும் எழுதாதீர்கள்.

ஆறாம் படி: நீதிமன்றம்

உயிலில் பெயர் இல்லாத பிள்ளையை ‘இல்லை’ என்று எண்ணிவிடக்கூடாது. முன்பே பங்கு வாங்கிப் போயிருக்கலாம். வர்ஜீனியாவில் 1780-களின் சட்டத் திருத்தம் வரை, உயில் இல்லாமல் இறந்தால் நிலம் முழுக்க மூத்த மகனுக்கு. ஆகவே உயில் எழுதியவர்களும் அவருக்குத் தனியே எதுவும் எழுதாமல் விட்டிருக்கலாம். சொற்களிலும் பொறி இருக்கிறது. ‘அநாதை’ என்றால் அப்பா இல்லாத பிள்ளை. அம்மா உயிரோடு இருப்பார். ‘சிசு’ (இன்ஃபன்ட்) என்றால் 21 நிரம்பாதவர். 19 வயது இளைஞனும் சிசுதான். ‘சீனியர், ஜூனியர்’ அப்பா மகன் என்று பொருளல்ல. ஒரே ஊரில் ஒரே பெயரில் மூத்தவர், இளையவர். ‘மருமகன்’ என்று நாம் படிக்கும் ‘சன்-இன்-லா’ என்ற சொல் அன்று மனைவி அல்லது கணவரின் முந்தைய திருமணத்து மகனையும் குறித்தது.

திருமணப் பாண்டு திருமணச் சான்று அல்ல. தடை ஏதும் இல்லை என்று மாப்பிள்ளையும் ஒரு ஜாமீன்தாரரும் போட்ட உறுதி. வர்ஜீனியாவில் 50 பவுண்டு, சுதந்திரத்துக்குப் பின் வட கரோலினாவில் 500 பவுண்டு என்று இருக்கும். பாண்டு போடும்போது யாரும் அந்தப் பணத்தைக் கட்டுவதில்லை, மாப்பிள்ளை பணக்காரர் என்று மகிழ வேண்டாம். ஜாமீன் போட்டவர் யார் என்று பாருங்கள், பெரும்பாலும் பெண்ணின் அண்ணனோ அப்பாவோ.

சொத்துப் பாகப்பிரிவினை வழக்குகள் தனி உலகம். அண்ணன் தம்பி ஒத்துப்போன குடும்பத்தைவிடச் சண்டை போட்ட குடும்பத்தின் வரலாறு நன்றாகத் தெரியும் என்பது ஆவணக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வாரிசுகள் எல்லார் பெயரும், இறந்த மகளின் பிள்ளைகள் பெயரும், எந்த மாநிலத்தில் இருக்கிறார்கள் என்பதும் மனுவிலேயே இருக்கும். வர்ஜீனியா நூலகம் பல கவுண்டிகளின் சான்சரி (இத்தகைய சொத்துத் தகராறுகளை விசாரித்த நீதிமன்றம்) வழக்குகளை முழுக்கப் படமெடுத்து இலவசமாகத் தந்திருக்கிறது; தேடும்போது வாதி, பிரதிவாதி மட்டுமல்லாமல் மற்றக் குடும்பப் பெயர்ப் பெட்டியிலும் தேடுங்கள்.

சாலை உத்தரவுகளை யாரும் சீந்துவதில்லை. சாலையைப் பராமரிக்க ஒரு மேற்பார்வையாளரையும் வேலைக்கு அந்தச் சாலையோரத்து ஆண்களையும் நீதிமன்றம் நியமிக்கும். அது அப்படியே ஒரு தெருப் பட்டியல்.

ஏழாம் படி: புரட்சிப் போர் ஓய்வூதியம்

வந்த வழியை ஒருவர் தன் வாயாலேயே சொல்லும் ஆவணம் இதுதான். 1818 சட்டம் அமெரிக்க விடுதலைப் போரில் (அதுவே புரட்சிப் போர்) பணி செய்த வறியவர்களுக்கு. 1820-க்குப் பின் சொத்துப் பட்டியலும் கொடுக்க வேண்டும், அதில் வீட்டில் உள்ளவர்களின் பெயரும் வயதும் வந்துவிடும். 1832 ஜூன் 7 சட்டம் 6 மாதமாவது பணி செய்தவர் எல்லாருக்கும். இதற்கான வாக்குமூலத்தில் வழக்கமான கேள்விகள்: எங்கே, எந்த ஆண்டு பிறந்தீர்கள்? வயதுக்குப் பதிவு உண்டா? படைக்குப் போனபோது எங்கே இருந்தீர்கள்? அதன்பின் எங்கெங்கே வாழ்ந்தீர்கள்? பென்சில்வேனியாவில் பிறந்து, சிறுவயதில் வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா பள்ளத்தாக்குக்கு வந்து, ஹோல்ஸ்டன் ஆற்றங்கரையிலிருந்து 1780 அக்டோபர் 7-இல் கிங்ஸ் மவுன்டன் சண்டைக்குப் போய், பிறகு கென்டக்கியில் குடியேறியவர்களின் வழித்தடம் இந்தக் கேள்விகளுக்கான பதிலில் வரிசையாக விழுகிறது.

கோப்பு எண்ணில் ‘எஸ்’ என்றால் வீரர், ‘டபிள்யூ’ என்றால் விதவை, ‘ஆர்’ என்றால் நிராகரிக்கப்பட்டது. நிராகரித்த கோப்பை ஒதுக்காதீர்கள். சான்று போதாமல் மேலும் மேலும் சாட்சி கொடுத்திருப்பார்கள், அதனால் அதுதான் பருமனாக இருக்கும். விதவையின் கோப்பில் குடும்ப பைபிளிலிருந்து கிழித்த பக்கமே இணைந்திருக்கலாம். 1814-க்கு முந்தைய மனுக்கள் பல தீயில் போனவை.

தேவாலயப் பதிவுகள் யார் எந்தச் சபை என்பதைப் பொறுத்தவை. ஷெனாண்டோவா ஜெர்மானிய லூத்தரன், ரிஃபார்ம்டு சபைகளில் ஞானஸ்நானப் பதிவு அருமையாக இருக்கும். குவேக்கர்கள் ஊர் மாறினால் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் சான்றிதழ் வாங்கிப் போவார்கள். மாதங்களை எண்ணால் எழுதும் அவர்களின் ‘முதல் மாதம்’ 1752 வரை மார்ச். பாப்டிஸ்டுகளிடம் குழந்தை ஞானஸ்நானம் கிடையாது, எனவே பிறப்புப் பதிவு தேடாதீர்கள். அவர்கள் குறிப்பேட்டில் ‘விடுப்புக் கடிதம்’ வாங்கிச் சென்ற தேதிதான் குடிபெயர்ந்த தேதி.

வெள்ளையர் அல்லாதவர்களின் பதிவுகள்

1850, 1860 அடிமை அட்டவணைகளில் எசமானின் பெயர் மட்டுமே. அடிமைப்பட்டவருக்கு வயது, பால், நிறம். பெயரோடு எல்லாரும் வரும் முதல் சென்சஸ் 1870. அதற்கு முன்னே போக, எசமானின் குடும்பத்தை முழுக்க ஆராய வேண்டும்: சொத்து மதிப்பீட்டுப் பட்டியல், உயில், மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த பத்திரம். மனிதர்களைக் குதிரைக்கும் கலப்பைக்கும் நடுவே எழுதிய அந்தப் பட்டியலில்தான் தாயும் பிள்ளையும் அடுத்தடுத்து நிற்பார்கள். 1866-இல் வர்ஜீனியாவும் வட கரோலினாவும் விடுதலை பெற்ற தம்பதியரின் உறவைப் பதிந்தன. கிடைத்தால் அது பெரிய திறவுகோல். சுதந்திரமான கறுப்பினத்தவர் 1793 முதல் வர்ஜீனியாவில் நீதிமன்றத்தில் பதிய வேண்டும்; உயரம், தழும்பு, விடுதலை பெற்ற விதம் எல்லாம் இருக்கும். ‘முலாட்டோ’ (கலப்பினத்தவர்) என்ற சொல்லை வைத்து வம்சத்தைத் தீர்மானிக்காதீர்கள். 17-ஆம் நூற்றாண்டு வர்ஜீனியா, மேரிலாந்து ஆவணங்களில் ‘ஈஸ்ட் இண்டியன்’ என்று குறித்த, நம் துணைக்கண்டத்திலிருந்து போன வேலையாட்கள் இருக்கிறார்கள். அவர்களின் வழிவந்தவர்களும் இதே கட்டத்துக்குள் அடைக்கப்பட்டார்கள்.

‘கொள்ளுப்பாட்டி செரோக்கி’ (அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஓர் இனம்) என்ற கதையை மலைநாட்டில் கேட்காத வீடு அரிது. சோதிக்க வழி உண்டு. 1835 ஹெண்டர்சன் பட்டியல், செரோக்கிகளை மேற்கே வெளியேற்றியதற்கு முன் கிழக்கே இருந்த குடும்பங்களைக் காட்டும். மலையிலேயே தங்கியவர்களுக்கு 1848 மல்லே, 1851 சைலர், 1852 சாப்மன், 1924 பேக்கர் பட்டியல்கள். இவற்றுக்கு நடுவே 1909-இல் முடிந்த கியோன் மில்லர் பட்டியலுக்கு 45,000-க்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன. ஏற்கப்பட்டவர்கள் 30,000 பேர் சொச்சம். மறுக்கப்பட்ட விண்ணப்பத்திலும் தாத்தா பாட்டி பெயர்வரை உண்டு, ஆகவே படியுங்கள். விண்ணப்பித்ததையே சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே பெயர், இரண்டு ஆள்

1790-களில் ஒரு கவுண்டியில் ஜான் மில்லர் என்று மூவர் இருந்தால் எப்படிப் பிரிப்பது? ஓடை, மனைவி பெயர், சாட்சிகள், குதிரை எண்ணிக்கை, தொழில், ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி போட்டு எல்லா ஆவணங்களையும் அடுக்குங்கள். கையெழுத்துத் தெரியாதவர் போட்ட அடையாளமும் உதவும். எல்லாரும் பெருக்கல் குறி போடவில்லை, சிலர் தனக்கென ஓர் எழுத்தை வைத்திருந்தார்கள். புத்தகத்தில் இருப்பது எழுத்தரின் பிரதி. உண்மையான அடையாளம் புத்தகமாகத் தைக்காத மூலத்தாள் கட்டுகளில்தான் கிடைக்கும்.

பெயர்களும் உருமாறும். ஜெர்மன் சிம்மர்மன் இங்கே கார்ப்பென்டர், ஷ்வார்ட்ஸ் பிளாக், ஷ்னைடர் ஸ்னைடராகவோ டெய்லராகவோ. பாலி என்பது மேரி, பேட்சி மார்த்தா, சாலி சாரா, பெக்கி மார்கரெட். மூத்த மகனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் ஸ்காட்ச்-ஐரிஷ் (அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலிருந்து வந்த ஸ்காட்லாந்து வழியினர்), ஜெர்மானியக் குடும்பங்களில் பலமாக இருந்தது. பேரன் என்ற சொல்லிலேயே பெயரை வைத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஆனாலும் அது தடயம் மட்டுமே, சான்று அல்ல. இணையத்தில் நூறு குடும்ப மரங்கள் ஒரே தந்தையைக் காட்டுவதும் அப்படித்தான்: ஒருவர் செய்த ஊகத்தை 99 பேர் நகலெடுத்திருக்கிறார்கள்.

டிஎன்ஏ சோதனை உதவும், அளவோடு. நாலாம் தலைமுறை ஒன்றுவிட்ட உறவுகளில் பாதிப்பேருக்குப் பகிர்ந்த துண்டே இருக்காது. பொருந்தவில்லை என்றால் உறவில்லை என்று ஆகாது. எதிர்ப்பக்கமும் உண்டு: ஒரே பள்ளத்தாக்கில் நாலு குடும்பங்கள் நூறு ஆண்டுகள் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருந்தால் பகிர்வு ஊதிப்போய், உறவு இருப்பதைவிட நெருக்கமாகத் தெரியும். 7 சென்டிமோர்கனுக்கு (டிஎன்ஏ துண்டின் நீளத்தைச் சொல்லும் அலகு) கீழ் உள்ள துண்டுகளை விட்டுவிடுங்கள். ஆண்வழிக் குடும்பப் பெயர்க் கேள்விக்கு ஒய் குரோமோசோம் சோதனைதான் சரி.

கடல் தாண்டும் முன்

ஜெர்மானியர்கள் 1727 முதல் ஃபிலடெல்ஃபியாவில் விசுவாசப் பிரமாணம் எடுத்தார்கள். 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, அதில் அவர்கள் கையெழுத்தே இருக்கும். 1760-இல் வர்ஜீனிய உயிலில் ஜெர்மன் எழுத்தில் போட்ட கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அல்ஸ்டரிலிருந்து வந்த ஸ்காட்ச்-ஐரிஷுக்கு அந்த வசதி இல்லை. 1820-க்கு முன் அமெரிக்க அரசு பயணிகள் பட்டியல் வாங்கவில்லை. அங்கேயும் 1922-இல் டப்ளின் ஆவணக்காப்பகம் எரிந்துபோனது. மிஞ்சியவை 1740 புராட்டஸ்டன்ட் குடும்பத்தலைவர் பட்டியல், 1796 ஆளி வளர்ப்போர் பட்டியல் போன்றவை, வெறும் பெயர் மட்டும். ஆகவே அல்ஸ்டர் ஊர்ப்பெயர் அமெரிக்க ஆவணத்திலேயே கிடைத்தால் ஒழிய அந்தப் பக்கம் போய்ப் பயனில்லை. அது கிடைக்கக்கூடிய இடங்கள்: கல்லறைக் கல், ஓய்வூதிய வாக்குமூலம், ‘அயர்லாந்தில் இன்ன ஊரில் உள்ள என் தங்கைக்கு’ என்று எழுதிய உயில். அந்த உயில் உங்கள் மூதாதையருடையதாக இருக்க வேண்டியதில்லை. அவரோடு ஒரே வண்டியில் வந்து, பக்கத்து ஓடையில் நிலம் வாங்கி, அவருக்குச் சங்கிலி பிடித்த ஆளுடையதாகவும் இருக்கலாம்.